நான்காம் வேற்றுமை

எங்கள் புதுக்கோட்டை, மன்னர் ஆண்ட புதுக்கோட்டை அல்ல. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், துறைமுகத்துக்கும் உப்பளங்களுக்கும் மேற்கே இருக்கும் சிற்றூர். வரலாற்றில் முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரை எங்களுக்குப் பக்கம். அந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. நிலையம் வந்தபோது முத்து போய்விட்டது; மீனும் உப்பும் மிஞ்சியிருந்தன. இரண்டுமே பெண்களின் உழைப்பு இல்லாமல் நடக்காத தொழில்கள். அந்தப் பெண்கள் வானொலிக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி.

அகில இந்திய வானொலியில் வாசல்கள் இரண்டு இருந்தன. ஒன்று செய்தி: டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி, சென்னையிலிருந்து மாநிலச் செய்தி, திருச்சியிலிருந்து பகல் 1.45 மணிச் செய்தி. மற்றொன்று நிகழ்ச்சி. பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது இரண்டாவது வாசல். மகளிர் நிகழ்ச்சியில் சமையல், குழந்தை வளர்ப்பு, சிறுசேமிப்பு, குடும்பநலம் எல்லாம் வந்தன. அவற்றைப் பயனற்றவை என்று நான் தள்ளமாட்டேன். தடுப்பூசி பற்றியும் பேறுகாலம் பற்றியும் வானொலி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம் என்று என் அத்தைமார் சொல்வார்கள். ஆனால் விடியுமுன் உப்பளத்துக்குப் போய், பாத்தியில் நின்று, உப்பைத் தலையில் சுமந்து திரும்பிய அதே அத்தைமாரை, அந்த நிகழ்ச்சி வீட்டில் இருக்கும் பெண்களாக மட்டுமே கண்டது.

‘வீடும் வயலும்’ என்ற பெயரைப் பாருங்கள். வேளாண்மை வானொலிக்குப் பெரிய வெற்றி இருந்தது. 1960களில் தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி. 27 என்ற நெல் வானொலி வழியாகப் பரவி, ‘ரேடியோ அரிசி’ என்றே பெயர் வாங்கியது. நாற்று நட்டதும் களை பறித்ததும் பெண்கள். இருந்தும் வயல் என்றால் ஆண், வீடு என்றால் பெண் என்ற பிரிவினை அந்தத் தலைப்பிலேயே குடியிருந்தது. உப்பளத்துக்கு அப்படி ஒரு தலைப்புகூடக் கிடைக்கவில்லை.

வானொலியில் பெண்குரலுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமியின் குரலை அறியாத வீடு தமிழ்நாட்டில் அரிது. 2022இல் அவர் மறைந்தபோது ஒரு தலைமுறையே அந்தக் கணீர்க் குரலை நினைவுகூர்ந்தது. ஆண்களின் இடமாகக் கருதப்பட்ட நாற்காலியில் அமர்ந்து அவர் செய்த சாதனை சிறியதல்ல. 1975 ஜூன் 26 காலையில் நெருக்கடி நிலையை வானொலியில் அறிவித்ததும் ஒரு பெண்குரல்தான், அது பிரதமருடையது. பேசும் குரல் பெண்ணுடையதாக இருக்கலாம். பேசப்படும் சேதி யாருடையது என்பது தனிக் கேள்வி.

செய்தியில் பெண்கள் வரவே இல்லையா? வந்தார்கள். எந்த வேற்றுமையில் வந்தார்கள் என்று பாருங்கள். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக ஆண்டுக்கு 5,000 ரூபாய் தரும் திட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல திட்டம். செய்தி வாக்கியமாக அது மாறும்போது, ‘அரசு, தொழிலாளர்களுக்கு, வழங்குகிறது’ என்றாகும். அரசு எழுவாய். தொழிலாளிக்கு ‘கு’ உருபு. கொடை வாங்குபவருக்கு இலக்கணம் தரும் இடம் நான்காம் வேற்றுமை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளத்தில் வேலை நின்றுபோகும் மாதங்களில், இத்தனை ஆண்டுகளாக அந்தப் பெண்கள் யாரிடம் கடன் வாங்கி அடுப்பெரித்தார்கள் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கூசியதும், உப்புநீரில் கால் புண்ணானதும் செய்தியாகாது. யாரும் எதையும் ‘வழங்காத’ நாளில் உழைக்கும் பெண் செய்தியிலிருந்து மறைந்துபோகிறாள்.

இந்த நிலையை மாற்ற ஒரு வழி திறந்தது. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி வந்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. 2008இல் அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில், தலித் பெண்கள் தாங்களே நடத்தும் சங்கம் ரேடியோ ஒலிக்கத் தொடங்கியது. விதையும் தானியமும் பற்றி, அவற்றைக் காத்த பெண்கள் தங்கள் வட்டார மொழியிலேயே பேசினார்கள். எங்கள் மன்னார் வளைகுடாவிலேயே, பாம்பனில், 2016இல் மீனவர்களுக்கான கடல் ஓசை 90.4 தொடங்கியது. அதன் பொறுப்பில் காயத்ரி உஸ்மான் என்ற பெண் இருந்தார். கடலின் நிலவரத்தைக் கரையின் பேச்சுவழக்கில் சொல்லும் வானொலி அது.

ஆனால் இந்த வழியிலும் ஒரு பூட்டு உண்டு. சமுதாய வானொலி தானே செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது என்பது விதி. அகில இந்திய வானொலியின் செய்தியை மறுஒலிபரப்பலாம். வானிலை, தேர்வு முடிவு, திருவிழா, குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புகள் ‘செய்தி அல்ல’ என்ற கணக்கில் அனுமதிக்கப்படும். நாளை தண்ணீர் வரும் என்று அறிவிக்கலாம். பத்து நாளாக ஏன் வரவில்லை என்று குடத்தோடு நிற்கும் பெண் கேட்டு, அதிகாரி பதில் சொன்னால், அது செய்தியாகிவிடும் அபாயம் உண்டு. பெண்களை நிகழ்ச்சிக்குள் நிறுத்திய பழைய கோடு, சட்டத்தின் மொழியில் மறுபடி வரையப்பட்டிருக்கிறது.

2018 மே 22, 23 ஆகிய நாட்களில் தூத்துக்குடியில் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. மே 23 முதல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் முடக்கப்பட்டது. தெருத்தெருவாக ஆளைத் தேடி அலைந்த தாய்மாருக்கு அன்று வேண்டியிருந்தது உறுதியான சேதி. ஊருக்குள் ஒரு சமுதாய வானொலி இருந்திருந்தாலும், நடந்ததைத் தானே விசாரித்துச் சொல்ல அதற்கு உரிமை இருந்திருக்காது.

எனவே நம் கோரிக்கை, மகளிர் நிகழ்ச்சிக்கு இன்னும் அரை மணி நேரம் என்பதோடு நிற்க முடியாது. உள்ளூர்ச் செய்தியைச் சேகரிக்கும் உரிமை சமுதாய வானொலிக்கு வேண்டும். அரசு வானொலியின் மாநிலச் செய்தியில் மீன் விற்கும் பெண்ணும் உப்பளப் பெண்ணும் சாட்சியாக, கேள்வி கேட்பவராக வரவேண்டும். மாணவிகள் ஒரு வாரம் மாலைச் செய்தியைக் கேட்டு, ஒவ்வொரு வாக்கியத்திலும் பெண் எந்த வேற்றுமையில் வருகிறாள் என்று குறித்துப் பாருங்கள். எழுவாயாக அவள் வரும் வாக்கியங்களை எண்ண எத்தனை விரல்கள் தேவைப்படுகின்றன என்று தெரிந்துவிடும்.