சரிவில் தண்ணீர் நிறுத்துவது



கப்பலூர் பக்கம் தோட்டம் வாங்கியிருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், இடம் ஒரு பக்கம் நாலடி இறக்கம். பள்ளத்தில் மண்ணடித்து மட்டமாக்கி நீச்சல் குளம் கட்டலாமா?" இன்ஜினியரிடம் கேட்க வேண்டியதைச் சரித்திர வாத்தியாரிடம் கேட்டிருக்கிறார். ஆனால் கேள்வி மிகப் பழையது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குளத்தின் விளிம்பு ஓரிடத்தில் இரண்டு அங்குலம் தாழ்ந்தாலும் போதும், குளம் முழுவதும் அந்த இரண்டு அங்குலத்தை இழந்துவிடும். பாரமும் லேசானதில்லை. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ. புதிதாகக் கொட்டிய மண் அந்தப் பாரத்தில் அமுங்கும்; மேட்டுப் பக்கம் வெட்டிய கெட்டித் தரை அவ்வளவு அமுங்காது. இரண்டும் சேருமிடத்தில் விரிசல் விடும். திருமங்கலம் வட்டாரத்துக் கரிசலாக இருந்தால் இன்னும் மோசம். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும்.

வகுப்பில் படித்த மொகஞ்சதாரோ பெருங்குளம் நினைவிருக்கிறதா? சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். செங்கல் சந்துகளில் ஜிப்சம் சாந்து, கசிவைத் தடுக்க நிலக்கீல் பூச்சு. தரையை மட்டும் தென்மேற்கு மூலையை நோக்கிச் சரித்து, அங்கே வடிகால் வைத்திருந்தார்கள். பரீட்சைக்கு நீள அகலத்தை மனப்பாடம் செய்தோம். எனக்கு அந்தச் சரிவுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நம்மூருக்கு வருவோம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், திருமலை நாயக்கர் காலத்தது. ஏறத்தாழ 1,000 அடிக்கு 950 அடி. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் பிறகு குளமானது என்பது மதுரையில் எல்லோரும் சொல்லும் செய்தி. தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள். மகாலுக்கு 1636, குளத்துக்கு 1645 என்று ஆண்டு சொல்லப்படுகிறது. மண் எடுத்த பள்ளத்தைச் சதுரமாக்கி, கல் அடுக்கி, படி கட்டிக் குளமாக்க அத்தனை வருடம் ஆகியிருந்தால் வியப்பில்லை. கோணல் பள்ளத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது அப்படிப்பட்ட வேலை.

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் தண்ணீர் கொண்டுவந்ததில் இருக்கிறது. வைகையில் மேற்கே தள்ளி வாய்க்கால் பிரித்து, ஆற்றைவிடக் குறைந்த வாட்டத்தில் கொண்டுபோனால், போகப் போக வாய்க்கால் ஆற்றைவிட உயரமாகிவிடும். ஏற்றம் இறைக்காமலே தண்ணீர் குளத்தில் விழும். அந்த வரத்து அடைபட்டதும் என்ன ஆனது என்பதை நாமே பார்த்தோம். மன்னர் வெட்டிய குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்; தைப்பூசத் தெப்பத்துக்கு மோட்டார் வைத்து நீர் நிரப்பினார்கள். பனையூர்க் கால்வாயைச் சீர்செய்த பிறகுதான் வைகைத் தண்ணீர் மறுபடி வந்தது. குளத்தின் கல் ஒன்றும் கெடவில்லை, வழிதான் கெட்டிருந்தது.

கிராமத்து ஆட்கள் இவ்வளவு கல்லுக்கு எங்கே போவார்கள்? அவர்கள் சரிவை நிரவவே இல்லை. தாழ்ந்த பக்கம் மட்டும் பிறை போலக் கரை போட்டார்கள், மேட்டுப் பக்கத்தைத் திறந்தே விட்டார்கள். அதுதான் கண்மாய். வயலுக்கு மடை, மிச்சத்துக்குக் கலுங்கு. மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். மதுரைச் சமவெளி முழுக்க இப்படிச் சங்கிலியாகக் கோத்த ஊர்கள். உலகனேரி என்ற பெயருக்குள்ளேயே ஏரி இருக்கிறது. 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை அங்கேதான் திறந்தார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

ஆகவே தம்பி, உங்கள் நாலடி இறக்கத்தில் மழைக்காலத்தில் யாருடைய தண்ணீர் போகிறது என்று முதலில் பாருங்கள். அது ஒரு கண்மாயின் வரத்தாக இருந்தால், நீங்கள் அடிக்கும் பத்து லோடு மண் கீழே உள்ளவர்களின் நெல்லைக் கெடுக்கும். அடைமழையில் அதே தண்ணீர் உங்கள் சுவரில் வந்து முட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் கேட்டு வாங்குங்கள்; ஓடை, வாய்க்கால் புறம்போக்கு எதுவும் பக்கத்தில் இருந்தால் அதில் கோடு போட்டிருக்கும். இல்லையென்றால், மேட்டுப் பக்கத்தை வெட்டிச் சிறிதாகக் கட்டுங்கள். பள்ளத்தில் மா, தென்னை வையுங்கள். ஐப்பசி மழை ஒன்று பெய்யும்வரை கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.