முடிவிலாக் கதையும் பாதியில் நின்ற படமும்

மூலநூலுக்குத் திரைப்படம் உண்மையாக இருந்ததா என்னும் கேள்வி எழும்போதெல்லாம் எங்கள் நினைவுக்கு வருவது மிக்கேல் எண்டே தொடுத்த வழக்கே. அந்த ஜெர்மானிய எழுத்தாளரின் 'முடிவிலாக் கதை' 1979ல் வெளிவந்தது. வொல்ஃப்காங் பீட்டர்சனின் திரைப்படம் 1984ல் வந்தது. பணியை நிறுத்துங்கள், இல்லையேல் பெயரையாவது மாற்றுங்கள் என்றார் எண்டே. இரண்டும் நடக்கவில்லை, நீதிமன்றத்திலும் தோற்றார்.

நாவலின் 26 அத்தியாயங்களில் ஏறத்தாழப் பாதியோடு படம் நின்றுவிடுகிறது. அதனை நாங்கள் குறையாகக் கொள்ளோம். பிழை வேறிடத்தில். நூலில், கற்பனையுலகில் நுழைந்த சிறுவன் பாஸ்டியனின் விருப்பங்கள் நிறைவேற நிறைவேற அவனுடைய நினைவுகள் ஒவ்வொன்றாக அழிகின்றன. கடைசியில் தன் பெயரையே மறக்கிறான். நூலின் உயிர் இந்த விலையில் இருக்கிறது. படத்திலோ டிராகன் மீதேறி நம் உலகுக்கே வந்து, தன்னைத் துன்புறுத்திய பையன்களை விரட்டுகிறான். விலை ஏதுமில்லை!

பாறை தின்னும் பூதம் தன் பெருங்கைகளை நோக்கி வருந்தும் காட்சிக்காகவே படத்தை இருமுறை பார்த்தோம் என்பதை மறைப்பானேன்? ஆயினும் எண்டேயின் சினம் நியாயமானதே. தொடக்கத்தில் காலையுணவு மேசையில் தோன்றும் தந்தை, படத்தில் அதன்பின் வருவதேயில்லை. நூலில், திரும்பி வந்த மகனின் கதையைக் கேட்டு அவர் கண்கலங்குகிறார்.