பேர் போடாத பேஸ், பேர் சொன்ன பேஸ்

பேஸ் கிடார்னா நாலு தந்தி வச்ச கிடார், பின்னாடி டும் டும்னு ஏதோ தட்டிக்கிட்டு இருக்கும் - ரொம்ப நாள் நானும் இப்படித்தான் நெனச்சிருந்தேன். எங்க வீட்டு டேப் ரிக்கார்டர்ல அந்தச் சத்தம் காதுலயே விழாது. நல்ல ஹெட்போன் மாட்டிக் கேட்ட அன்னைக்குத்தான் பாட்டுக்கு அடியில இன்னொரு பாட்டு ஓடுறது தெரிஞ்சுது!

சரி, கதைக்கு வருவோம். அமெரிக்காவில் பேஸ் வாசிச்சவங்க ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச காலம் அது. 1951-ல் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' கொண்டு வந்தார். தோளில் மாட்டிக்கலாம், வீணையின் மெட்டுகள் மாதிரி ஃப்ரெட் இருப்பதால் சுருதி தப்புறதும் குறைவு.

அதை வச்சு 1960-களில் மாயம் செய்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரின் மோடவுன் கம்பெனியில் வாசித்தவர். வலது கையில் சுட்டுவிரல் ஒண்ணே ஒண்ணுதான் வேலை செய்யும். தந்தியை மாத்தவும் மாட்டார். ஆனா வெறும் தாளத்துக்குத் துணையா இருந்த பேஸ், அவர் கையில் பாடகரோடு பேச ஆரம்பிச்சது. கொடுமை என்னன்னா, அத்தனை ஹிட் பாட்டுக்கும் உறையில் அவர் பேர் கிடையாது. 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் பேர் வந்தது.

ஜேக்கோ பாஸ்டோரியஸ் நேர் எதிர். உலகத்திலேயே சிறந்த பேஸ் கலைஞன் நான்தான்னு தானே சொல்லிக்கிட்டவர். 1976-ல் வந்த முதல் ஆல்பத்துக்கும் தன் பேரையே வச்சார். அவருடையது ஃப்ரெட் நீக்கிய ஜாஸ் பேஸ். ஃப்ரெட் இல்லாத பேஸ் முன்பே உண்டு. அதை மனுஷக் குரல் மாதிரி பாட வச்சவர் இவர். அந்த ஆல்பத்தில் 'போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி' முழுக்க பேஸ் மட்டும்தான். தந்தியை அழுத்தாம லேசாத் தொட்டு எழுப்புற ஹார்மோனிக்ஸ், மணி அடிச்ச மாதிரி கேட்கும்.

முடிவு ரெண்டு பேருக்கும் சோகம். ஜேமர்சனின் பேஸ் 1983-ல் திருடு போனது. சில நாளில் அவரும் போயிட்டார், வயசு 47. ஜேக்கோவின் பேஸ் 1986-ல் திருடு போனது. அடுத்த வருஷம் ஒரு கிளப் வாசலில் அடிபட்டு, 35 வயசில் இறந்தார். அந்த பேஸ் 2006-ல் கிடைச்சது, வாங்கிக்கத்தான் ஆள் இல்லை.

யார் பெரியவர்? என் ஓட்டு ஜேமர்சனுக்கே. ஜேக்கோ நம்மைத் திரும்பிப் பார்க்க வச்சார். ஜேமர்சனோ பேஸ்னா என்னன்னே தெரியாதவங்களையும் தலையாட்ட வச்சார், தன் பேர்கூடத் தெரியாமலே. 2000-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கிட்டாங்க. செத்து 17 வருஷம் கழிச்சு!

இப்பல்லாம் பாட்டு கேட்டா உறையைத் திருப்பி அந்தச் சின்ன எழுத்தையும் படிக்கிறேன். நீங்களும் படிங்க. உங்க ஓட்டு யாருக்கு மக்களே?