கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வியாதியின் சரித்திரம்

மேற்கே ஏலமலையும் கிழக்கே வருஷநாட்டு மலைத்தொடரும் அரண்போல் நிற்க, இடையே முல்லைப் பெரியாற்று நீரால் நெல்லும் திராட்சையும் விளைகின்ற கம்பம் பள்ளத்தாக்கு, குமுளி வழியே மலையாள தேசம் செல்லும் வியாபாரிகளுக்கும் ஏலத்தோட்டக் கூலிகளுக்கும் பின்னாளில் லாரிகளுக்கும் ராஜபாட்டையாக விளங்கியமையால், செல்வம் வந்த வழியிலேயே எய்ட்ஸ் வியாதியும் வந்ததில் ஆச்சரியமில்லை.

1986-இல் சென்னையில் டாக்டர் சுநீதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் அவ்வியாதியின் கிருமியான எச்.ஐ.வி.யை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தனர். 2004 ஏப்ரலில் தாம்பரத்தில் அக்கிருமியை அடக்கும் கூட்டுமருந்தை இலவசமாக வழங்குவது தொடங்கியது. தேனிக்கருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரியும் எழுந்தது. மரணம் விலகிற்று, ஆனால் மலிவு கருதி அன்று அக்கூட்டில் சேர்த்து வழங்கிய ஸ்டாவுடின் என்னும் மருந்து, கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து, ரத்தக் கொழுப்பின் சமநிலையைக் குலைத்தது. ஏழைக்கு வாய்த்த மருந்து என்றும் இப்படித்தான் போலும்!

மருந்தை மட்டும் பழிப்பது நியாயமன்று. குடற்சுவரைக் காக்கும் வெள்ளணுக்களை இக்கிருமி தொடக்கத்திலேயே அழித்துவிடுவதால், குடல்வாழ் நுண்ணுயிர்களின் நச்சுக்கூறுகள் ரத்தத்தில் கசிந்து, ஓயாத அழற்சியை உண்டாக்குகின்றன என்று 2006-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நிரூபித்தனர். கொழுப்போடு அவ்வழற்சியும் சேரத் தமனிகள் அகாலத்தில் தடிக்கின்றன. இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பிடாவஸ்டாட்டின் மாத்திரை பெரிய இருதய விபத்துகளை ஏறத்தாழ 35 சதவீதம் குறைத்தது. ஆகவே, நாற்பதைக் கடந்து கூட்டுமருந்து உண்போர், கிருமிக் கணக்கோடு ரத்தக் கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதிக்குமாறு தம் வைத்தியரிடம் தயங்காது கேட்பார்களாக.