மதுரையின் மோட்டார்ப் பழுதுகள்: கரிவாயு முதல் கார்க் கண்ணாடி வரை

பொத்தானை அழுத்தியும் இறங்க மறுக்கும் கார்க் கண்ணாடிக்கு வரலாறு ஏது என்று அன்பர்கள் வினவக்கூடும். மதுரையைப் பொறுத்தவரை உண்டு. அது மாட்டு லாடத்தின் ஆணியிலிருந்து தொடங்குகிறது.

கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840களையொட்டி, மதுரைக் கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அவ்வாறு பிறந்தவையே வெளிவீதிகள். 1875இல் புகைவண்டி மதுரையை எட்டியபின், நிலையத்தை ஒட்டிய மேலவெளி வீதி வாணிகத்துக்கு உரிய இடமாயிற்று. டி.வி.எஸ். தலைமையகம் அவ்வீதியில் அமைந்தது தற்செயலன்று. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், ரயில்வே வேலையையும் வங்கி வேலையையும் உதறிவிட்டுப் பேருந்துத் தொழிலில் இறங்கியவர். 1911 என்பதையே அந்நிறுவனம் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டாடுகிறது.

அந்நாளில் சாலைகள் மாட்டுவண்டிக்கென அமைந்தவை. உதிர்ந்து கிடந்த லாட ஆணிகள் டயர்களைக் குத்திக் கிழித்தன. காந்தம் பூட்டிய வண்டியொன்றை முன்னே ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்பது மதுரை வட்டாரத்தில் இன்றும் வழங்கும் செய்தி. டி.வி.எஸ். பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று முதியோர் சொல்வதும் அத்தகையதே. இப்பெருமைப் பேச்சில் சற்று மிகை இருக்கலாம். ஆனால், குறித்த நேரத்தில் வண்டி கிளம்ப வேண்டுமானால் பழுது வரும்முன் அதை அறியும் ஆட்கள் பட்டறையில் வேண்டும். பேருந்து முதலாளிகளின் கதையை எழுதுவோர் இந்தப் பட்டறைக் கைகளை மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை.

அவர்களுக்குப் பெரும் சோதனை இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1942இல் பர்மா வீழ்ந்தபின் பெட்ரோல் அருகியது. சுந்தரம் ஐயங்கார் கரிவாயுக் கலம் ஒன்றை வடிவமைத்துத் தயாரித்தார். வண்டியின் மீது உலை; அதனுள் அடுப்புக்கரி; காற்றை அளந்து விட்டால் கரி முழுதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு எழும். அதைக் குளிர்வித்துச் சாம்பலை வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். வேகம் குறையும், மேடேற மூச்சு வாங்கும், வடிகட்டி அடைத்தால் வண்டி நின்றுவிடும். எங்கே நின்றது, உலையிலா, குழாயிலா, வடிகட்டியிலா என்று வாயு போகும் வழியே தேடிச் செல்வதன்றி வேறு வழியில்லை. பழுது பார்ப்பதன் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பேருந்துகள் அரசுடைமையாகி 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. அதற்குள் அக்குடும்பம் உதிரிபாகத் தொழிலில் வேரூன்றிவிட்டது. 1961இல் சென்னை பாடியில் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். ஸ்டார்ட்டர், டைனமோ, வைப்பர் மோட்டார் போன்ற மின் உறுப்புகளைச் செய்தது. கூட்டாளியான பர்மிங்காம் லூகாஸ் ஒருகாலத்தில் 'சாலையின் அரசன்' என்ற பெயரில் சைக்கிள் விளக்கு விற்றது. பின்னாளில் அதன் விளக்குகள் அணைந்துபோவதால் எரிச்சலுற்ற கார்க்காரர்கள் அதற்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டம் சூட்டினார்கள்!

கண்ணாடிக்கு வருவோம். அமெரிக்காவில் பாக்கார்டு நிறுவனம் 1940இல் விசையால் இயங்கும் சன்னலைக் கொண்டுவந்தது. அதில் எண்ணெயழுத்தமும் மின்சாரமும் கலந்திருந்தன. முற்றிலும் மின்சாரத்தால் இயங்கும் சன்னல் 1951இல் கிரைஸ்லர் இம்பீரியலில் வந்தது. நம் அம்பாசிடரிலோ கைப்பிடியைச் சுற்றினோம். பிடி கழன்றால் ஸ்பானர் போதும். 1990களில் பவர் விண்டோ இங்கே பரவியபோது கதவுக்குள் ஒரு சிறு மோட்டார் குடியேறியது. வைப்பர் மோட்டாரைப் பிரித்தறிந்த கைக்கு அது புதிரன்று: அதே நேர்மின்சாரம், அதே திருகுப்பல். வைப்பரில் மோட்டார் ஒரே திசையில் சுற்றும். இங்கே ஸ்விட்ச் மின்முனைகளை மாற்றித் தருவதால் இருதிசையும் சுற்றும்.

ஆகவே கரிவாயுக்கு உரிய தேடலே இதற்கும். நான்கு கண்ணாடிகளும் ஒருசேர நின்றால் ஃப்யூஸும் ரிலேயும் முதற்குற்றவாளிகள். ஒன்று மட்டும் நின்றால் காதைக் கதவில் வையுங்கள். மோட்டார் ஓடும் ஒலி கேட்டும் கண்ணாடி அசையாவிடில் உள்ளே ரெகுலேட்டரின் கம்பியோ, கண்ணாடியைப் பற்றும் பிளாஸ்டிக் பிடியோ அறுந்திருக்கும். ஒலியே இல்லையெனில் ஸ்விட்சை அழுத்தியபடி வண்டியின் உள்விளக்கைப் பாருங்கள். விளக்கு சற்று மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் செல்கிறது, ஆனால் அது இறுகி நிற்கிறது. மங்காவிடில் ஸ்விட்ச், அல்லது கதவுக் கீலருகே ரப்பர் உறைக்குள் மடங்கி மடங்கி ஒடிந்த ஒயர். பல வண்டிகளில் பிற கதவுகளின் மின்சாரமும் ஓட்டுநர் கதவின் ஸ்விட்ச் வழியாகவே செல்கிறது. பின்கதவு நின்றதற்கு முன்கதவு காரணமாவது அதனால்தான். பிள்ளைகளுக்கான பூட்டுப்பொத்தானை யாரேனும் அழுத்திவிட்டார்களா என்று முதலிலேயே பார்த்துவிடுவது மானம் காக்கும்.

மதுரைக்கென்று சில தனிக்காரணங்களும் உண்டு. சித்திரை வெயிலில் நிறுத்திய கார் அடுப்பாகிறது; கண்ணாடி ஓடும் ரப்பர்த் தடம் காய்ந்து, திருமங்கலம், மேலூர்ச் சாலைகளின் புழுதி அதில் படிந்து, கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிறது. மோட்டார் திணறுகிறது. நாம் பொறுமையிழந்து திரும்பத் திரும்ப அழுத்த, சூடேறி அதன் காப்பு மின்சாரத்தைத் துண்டிக்கிறது. செத்துவிட்டது என்று நாம் முடிவுகட்டிய மோட்டார் சில நிமிடம் ஆறினால் எழுந்துவிடும்! தடத்தைத் துடைத்துச் சிலிக்கான் தெளிப்பு இட்டால் பெரும்பாலும் நோய் தீர்கிறது; கையிற் கிடைத்த எண்ணெயைத் தடவினால் ரப்பர் ஊதிப் புழுதியை மேலும் ஈர்க்கும். ஆயுதபூசையன்று ஸ்விட்சுகளின் மேல் குழைத்த சந்தனம் அப்பும் பக்தர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ஸ்டியரிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிறு பிளாஸ்டிக் பிடி ஒடிந்ததற்கு மோட்டாரோடு முழு ரெகுலேட்டரையும் மாற்றச் சொல்வது இன்றைய சர்வீஸ் நிலையங்களின் வழக்கம். உழைப்புக்கான நேரத்தைவிட உறுப்பின் விலை அவர்களுக்கு எளிது. கணக்கு அவர்கள் பக்கம் சரியே. பிரித்துப் பார்த்துப் பிடியை மட்டும் மாற்றித் தரும் சிறு பட்டறைக்காரருக்கு அதில் கிடைப்பது அரைநாள் கூலி. அவரிடம் தொழில் பழக வரும் பையன்களும் குறைந்து வருகிறார்கள். கரிவாயு உலையைக் கட்டி மேய்த்த ஊரில் இந்நிலை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஐப்பசி மழையில் திறந்தபடி கண்ணாடி நின்றுவிட்டால், ஒருவர் ஸ்விட்சை மேல்நோக்கிப் பிடித்திருக்க, மற்றவர் கண்ணாடியின் இருபுறமும் உள்ளங்கைகளை அழுத்தி மெல்ல மேலே தள்ளலாம். மோட்டாரில் சிறிது உயிர் இருந்தாலும் அது மேலேறிவிடும். அதன்பின் பட்டறை சேரும்வரை அந்தப் பொத்தானைத் தொடாதிருப்பது நலம்.