பூனையின் மணற்பெட்டி

மூடியுள்ளதும் இல்லாததும், தாழ்ந்ததும் உயர்ந்ததுமாகப் பூனைக்குரிய மணற்பெட்டிகள் இன்று பலவகையாக விற்பனையாகின்றன. எதனை வாங்குவது என வினவும் நேயர்கள், இப்பெட்டி வீட்டினுள் எவ்வாறு புகுந்தது என்பதை முதலில் அறிதல் நன்று.

வீட்டுப்பூனையின் மூதாதை, மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனை என்பதை 2007ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டிற்று. நீர் அரிதான நிலத்துக்கேற்ப அவ்வினத்தின் சிறுநீர் செறிவானது. ஆதலின் நாற்றமும் கடுமையானது. குளிர்நாடுகளில் வீட்டினுள் பூனை வளர்த்தோர் ஒரு தட்டில் மணலையோ சாம்பலையோ இட்டனர். மணல் நாற்றத்தை அடக்கவில்லை. சாம்பலோ பூனையின் பாதத்தோடு வீடெங்கும் உலாவிற்று.

1947 ஜனவரியில், ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கசோபொலிஸ் என்னும் சிற்றூரில், அயற்பெண்மணி ஒருவர் எட்வேட் லோ என்பாரிடம் பூனைக்கு மணல் கேட்டு வந்தார். அவருடைய மணற்குவியல் பனியில் உறைந்திருந்தது. கடற்படையிலிருந்து மீண்ட லோ, தொழிற்சாலைத் தரையிற் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் பொருள்களைத் தந்தையாருடன் விற்றுவந்தவர். மணலுக்குப் பதிலாக உலர்ந்த களிமண் மணிகளைக் கொடுத்தார். நம் பெண்டிர் முகத்திற் பூசும் முல்தானி மட்டியும் இவ்வினத்ததே. சில நாளில் அப்பெண்மணி அதனையே மீண்டும் கேட்டார். லோ ஐந்து றாத்தற் பைகள் பத்தினை நிரப்பிக் கடைக்குக் கொண்டுசென்றார். மணல் மலிந்திருக்க, மண்ணுக்கு 65 சதம் யார் கொடுப்பார் எனக் கடைக்காரர் ஐயுற்றார். அவ்வாறாயின் இலவசமாகக் கொடுங்கள் என்றார் லோ. பெற்றவர்கள் பணத்துடன் திரும்பி வந்தனர். ஈரம்பட்ட இடத்திற் கட்டியாகும் களிமண் 1980களில் வந்தது.

நாற்றம் அடங்கவே பூனை முற்றாக வீட்டினுள் குடியேறிற்று. இதில் ஓர் இடரும் உண்டு. பெட்டி ஒவ்வாத பூனை கம்பளத்தை நாடும். மேனாடுகளிற் பூனைகள் கைவிடப்படுவதற்கு இது முக்கிய காரணங்களுள் ஒன்று. கடைகளில் உள்ள பெட்டிகளிற் பல, பூனையின் உடலை அளந்து செய்தவையல்ல. நம் வீட்டு மூலையை அளந்து செய்தவை என்றே சொல்லத் தோன்றுகிறது. மூக்கிலிருந்து வாலின் அடிவரையுள்ள நீளத்தின் ஒன்றரை மடங்கேனும் பெட்டிக்கு வேண்டும். குட்டிக்கும் முதிய பூனைக்கும் வாயில் தாழ்ந்திருத்தல் வேண்டும். மூடி நம் கண்ணுக்கு இதம். உள்ளே நாற்றம் தேங்குவதைப் பூனையே அறியும். வாசனையூட்டிய மண்ணும் மனிதர் மூக்குக்காக ஆனதே. இரு பூனைகளுக்கு மூன்று பெட்டிகள் என்பது விலங்கு மருத்துவர் கூறும் கணக்கு. அம்மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால், பூனைக்கு அவை ஒன்றே.