கஞ்சா: பாவமும் குற்றமும்

நான் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளன் அல்லன். மாட்டுங்காவில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குவது சமண இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கம். ஆகவே கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க வந்தவன் என்று என்னை யாரும் எண்ண வேண்டாம்.

கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமா என்ற வாதம் இன்று உலகெங்கும் நடக்கிறது. உருகுவே 2013இலும் கனடா 2018இலும் அனுமதித்துவிட்டன. நம் நாட்டுக்கோ இந்த வாதம் நூற்று முப்பது ஆண்டுப் பழமையானது.

1893இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்வி எழவே, இந்திய அரசு கஞ்சா விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. மெக்வொர்த் யங் தலைவர். 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். எங்கள் வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலைச் சாகுபடியும், இங்கே அகமதுநகர் விளைச்சலும் அவர்கள் கணக்கில் ஏறின.

கஞ்சா பைத்தியமாக்கும் என்பதே அன்றைய பேச்சு. குழு சும்மா கேட்டுக்கொண்டு போகவில்லை. மனநோய் விடுதிப் பேரேடுகளையே புரட்டிப் பார்த்தது. 1892இல் சேர்ந்தவர்களில் 222 பேருக்குக் கஞ்சாவே காரணம் என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததில் 98தான் தேறியது! மிதமான பழக்கத்தால் பெருங்கேடில்லை, மிகுந்தால் கேடு. முற்றாகத் தடுக்காமல் உரிமமும் வரியும் விதித்துக் கட்டுப்படுத்தலாம் என்றது 1894ஆம் ஆண்டு அறிக்கை. இளம் வயதில் மிகுதியாகப் புகைப்பது மனநோய்க்கு வழி திறக்கும் என்று இன்றைய மருத்துவம் எச்சரிக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது.

1961 உலக உடன்படிக்கையைத் தொடர்ந்து 1985இல் நம் போதைப்பொருள் சட்டம் வந்தது. பூவும் பிசினும் குற்றமாயின. இலையையும் விதையையும் அது விட்டுவிட்டது. அதனால்தான் சிவராத்திரிக்குப் பாங்கு அருந்துபவர் பக்தர். அதே செடியின் பூவைப் புகைப்பவர் கைதி.

கைதியாவது யார்? 2017, 2018ஆம் ஆண்டுகளின் மும்பை வழக்குகள் பத்தாயிரத்துக்கும் மேல் எடுத்து விதி சட்டக் கொள்கை மையம் ஆராய்ந்தது. ஏறக்குறைய எல்லாமே சொந்த உபயோக வழக்குகள்; பெரும்பாலும் கஞ்சா. அகப்பட்டவர்களில் மிகுதி குடிசைவாசிகளும் தினக்கூலிகளும்.

எங்கள் கடையில் சுமை தூக்கிய தாராவிப் பையன் ஒருவனும் அப்படி அகப்பட்டான். ஒரு பொட்டலம்தான். அபராதம் கட்டித் திரும்பியவன், "முதலாளி, இனிமே தொட மாட்டேன்" என்றான். நான் அவனை நிறுத்திவிட்டேன். குழு பேரேட்டைப் புரட்டிய பொறுமை அன்று எனக்கு இல்லை.

அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவு வழக்கில் சிக்கிய போதை அடிமை தானே முன்வந்து அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்கிறது. இதைப் பின்னாளில்தான் படித்தேன். பாவமா என்பதை அவரவர் சமயம் சொல்லட்டும். குற்றமா என்று அரசு கணக்குப் பார்த்து முடிவு செய்யட்டும். அதுவரை, நம் சங்கம் ஒரு வழக்கறிஞரையும் ஒரு மருத்துவரையும் தாராவிக்கு அழைத்து, இந்த ஒரு பிரிவையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். செலவில் என் பங்கைத் தருகிறேன்.